பட்டியலில் பெயர் வந்தால் ராஜா!

விளையாட்டாகப் போட்ட சட்டம் வினையாக முடிந்தது. தெருவைக் காக்க வாள் எடுத்த கடைக்காரர்கள்

லண்டன் நகரில் ஒரு பேட்டை. பெயர் நாட்டிங் ஹில்.

அந்தப் பேட்டையில் ஒரு சின்னத் தெரு. அதை இடித்துத் தள்ளிவிட்டுப் பெரிய ரோடு போட வேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் திட்டம் போட்டார்கள்.

"முடியாது" என்றான் ஓர் இளைஞன்.

பணம் தருவதாகச் சொன்னார்கள். மசியவில்லை. மிரட்டினார்கள். அசையவில்லை. கடைசியில் சண்டை மூண்டது. கடைக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டு, வாளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். லண்டன் நகரமே கதிகலங்கியது!

இது நடந்த ஆண்டு 1984. ஆனால் எழுதப்பட்ட ஆண்டு 1904!

ஆம். இது ஒரு நாவல். 80 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்து எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து, சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட கதை. 'நாட்டிங் ஹில் நெப்போலியன்' என்பது புத்தகத்தின் பெயர். எழுதியவர் ஜி.கே.செஸ்டர்டன். துப்பறியும் பாதிரியார் 'ஃபாதர் பிரவுன்' கதைகளை எழுதிப் புகழ் பெற்றாரே, அவரேதான். இதுதான் அவருடைய முதல் நாவல்.

வேடிக்கை என்னவென்றால், அவர் தமாஷாக எழுதிய சங்கதிகளில் சில, அதே பேட்டையில் பிறகு நிஜமாகவே நடந்தன. சிலவற்றைக் கண்டு சிரிக்க முடிந்தது. ஒன்றைக் கண்டு சிரிக்க முடியவில்லை.

ராஜா கிடைத்த விதம்

கதையில் வரும் இங்கிலாந்தில் ஜனநாயகம் செத்துப்போய்விட்டது. யாரும் அதைக் கொல்லவில்லை. யார் ஆண்டால் நமக்கென்ன என்று மக்கள் இருந்துவிட்டார்கள். அதனால் தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டது.

சரி, நாட்டுக்குத் தலைவர் என்று ஒருவர் வேண்டாமா?

அதற்குச் சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். கோர்ட்டில் ஜூரிகளை எப்படித் தேர்ந்தெடுப்பார்களோ, அதே முறை. உத்தியோகஸ்தர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கும். முறைப்படி அடுத்த பெயர் யாருடையதோ, அவர் ராஜா! பரம்பரை கிடையாது. வீரம் தேவை இல்லை. அறிவு இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை. எப்படியும் ராஜாவுக்குப் பெரிதாக வேலை ஒன்றும் கிடையாது.

இப்படித்தான் ஒரு நாள் ஆபரோன் குவின் என்ற குள்ளமான குமாஸ்தாவின் பெயர் வந்தது.

ஆபரோனுக்கு உலகத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தமாஷ்! தனக்கு முன்னால் இரண்டு நண்பர்கள் நடந்துபோனால், அவர்களுடைய நீளக் கோட்டின் பின்பக்கத்தைப் பார்ப்பார். கோட்டில் இருக்கும் இரண்டு பொத்தான்களும் இரண்டு கண்கள் போலத் தெரியும். இரண்டு டிராகன்கள் பின்புறமாக நடந்து போகின்றன என்று நினைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார். அப்படிப்பட்ட ஆசாமி.

பூங்காவில் கோமாளித்தனம் செய்துகொண்டிருந்த நேரத்தில், 'இவர்தான் இனி ராஜா' என்று செய்தி வந்தது. நண்பர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

ராஜா போட்ட சட்டம்

கோமாளிக்குக் கிரீடம் கிடைத்தால் என்ன செய்வான்? நாட்டையே நாடகக் கொட்டகை ஆக்கிவிடுவான். ஆபரோனும் அதைத்தான் செய்தார்.

லண்டனில் உள்ள பேட்டை ஒவ்வொன்றும் இனி ஒரு தனி ராஜ்யம் மாதிரி இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பேட்டைக்கு ஒரு மதில். மதிலுக்கு ஒரு வாசல். பேட்டைக்கு ஒரு கொடி, ஒரு சின்னம், ஒரு காவல் படை. காவலர்கள் கையில் துப்பாக்கி கூடாது. ஈட்டியும் கோடரியும் சேர்ந்த பழைய காலத்து ஆயுதம்தான் இருக்க வேண்டும். பேட்டைக்கு ஒரு தலைவர். அவர் வெளியே கிளம்பினால் முன்னால் ஊதுகொம்பு ஊதிக்கொண்டு ஆட்கள் போக வேண்டும்.

அதோடு விட்டாரா? ஹாமர்ஸ்மித், பேஸ்வாட்டர் என்று லண்டனில் உள்ள பேட்டைப் பெயர்களுக்கெல்லாம் இல்லாத புராணத்தைக் கட்டிவிட்டார்.

தலைவர்களாக வந்தவர்கள் எல்லாம் வியாபாரிகள், காரியக்காரர்கள். காலையில் ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் பின்னாலேயே ஊதுகொம்பு கோஷ்டி வந்தால் எப்படி இருக்கும்? 'என்னடா இது வம்பாப் போச்சு' என்று பல்லைக் கடித்தார்கள். ஆனால் ராஜா உத்தரவு. தட்ட முடியாது. ராஜாவுக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

மரக்கத்திச் சிறுவன்

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே ஒரு சிறு சம்பவம் நடந்தது.

ராஜா நாட்டிங் ஹில் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு சிறுவன் மரக்கத்தியோடு ஓடிவந்து, ராஜாவின் வயிற்றில் குத்தினான். ராஜாவுக்குக் கோபம் வரவில்லை. உன் பேட்டையை எப்போதும் விட்டுக்கொடுக்காதே, அதற்காக உயிரையும் கொடு என்று வேடிக்கையாகப் பெரிய உபதேசம் செய்துவிட்டுப் போய்விட்டார்.

ராஜாவுக்கு அது வெறும் விளையாட்டு. பையன் மறக்கவில்லை!

10 ஆண்டுகள் கழித்து, நாட்டிங் ஹில் பேட்டைத் தலைவர் பதவி ஆடம் வெய்ன் என்ற இளைஞனுக்கு வந்தது. அந்த மரக்கத்திச் சிறுவன்தான் இவன். மற்ற தலைவர்களுக்கெல்லாம் கொடியும் மதிலும் தலைவலி. இவனுக்கு அவை உயிர். தெருவோர இரும்புக் கம்பி வேலி இவன் கண்ணுக்கு ஈட்டி வரிசையாகத் தெரியும். மூலையில் நிற்கும் விளக்குக் கம்பம் கோயில் தீபமாகத் தெரியும். தன் தெருவைப் பற்றிக் கவிதை எழுதி, புத்தகமாகவே போட்டவன்.

அப்போதுதான் ரோடு திட்டம் வந்தது. ஹாமர்ஸ்மித்தில் ஆரம்பித்து வெஸ்ட்பர்ன் குரோவ் வரை போகும் பெரிய ரோடு. நடுவில் நாட்டிங் ஹில்லில் உள்ள 'பம்ப் தெரு' குறுக்கே நின்றது. நாலைந்து சின்னக் கடைகள் உள்ள தெரு. பக்கத்துப் பேட்டைத் தலைவர்கள் பக், பார்க்கர், வில்சன் மூவரும் தாராளமாகவே விலை பேசினார்கள்.

'ரோடு வந்தா எல்லாருக்கும் லாபம்தானே? எதுக்கு இந்த முரண்டு?' - இதுதான் அவர்கள் கட்சி.

வெய்ன் தரமாட்டேன் என்றான். நேராக ராஜாவிடம் போனான். நீங்கள் கொடுத்த சாசனம், நீங்கள் கொடுத்த கொடி, அதைக் காப்பாற்றுவதுதான் என் கடமை என்று நின்றான்.

ராஜா திகைத்துப்போனார். தான் சிரிப்பதற்காகச் செய்த பொம்மைக்கு உயிர் வந்துவிட்டது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

பொம்மைக்கடைத் தளபதி

சண்டைக்கு ஆள் வேண்டுமே! வெய்ன் தெருவில் உள்ள கடைகளுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான்.

மளிகைக்கடைக்காரரிடம் போனான். உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இருந்து சரக்கு வந்து சேருகிற உமது கடை எத்தனை மகத்தானது தெரியுமா என்று பேசினான். அவர், என்ன வேண்டும் தம்பி, என்பது போலப் பார்த்தார். மருந்துக்கடைக்காரரிடம் போனான். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. முடிதிருத்துகிறவரும் விழித்தார்.

கடைசியில் ஒரு பொம்மைக்கடை. கடைக்காரர் பெயர் டர்ன்புல். மனிதர் உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். மேஜை மேல் நாட்டிங் ஹில் பேட்டையே அப்படியே பொம்மையாக நின்றது. சந்து பொந்து எல்லாம் அச்சு அசல்! ஈயப் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, எதிரி வந்தால் எப்படி மடக்குவது என்று பொழுதுபோக்காக விளையாடிக்கொண்டிருந்தவர் அவர்.

வெய்னுக்குத் தளபதி கிடைத்துவிட்டார்.

அப்புறம் நடந்தது எல்லாம் கூத்து. தெருப் பையன்களை விட்டு லண்டனில் ஓடும் வாடகைக் குதிரை வண்டிகளை வரவழைத்தார்கள். வண்டிகளைக் குறுக்கே நிறுத்தித் தடுப்பு போட்டார்கள். குதிரைகளைப் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். எதிரிப் படை இரவில் உள்ளே நுழைந்ததும் தெருவிளக்கை எல்லாம் அணைத்துவிட்டார்கள். வெளியூர்ப் படை இருட்டில் முட்டி மோதியது. உள்ளூர்க்காரர்களுக்கோ கண்ணை மூடிக்கொண்டும் வழி தெரியும். கும்மிருட்டில் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடினார்கள், தங்களை வெல்ல ஆளில்லை என்று வந்தவர்கள்.

இந்தச் சண்டையைப் பத்திரிகைக்கு எழுதியது யார் தெரியுமா? ராஜாவேதான்! சும்மா அரண்மனையில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், போர் நிருபர் வேலையை ஏற்றுக்கொண்டு களத்துக்கே கிளம்பிவிட்டார்.

முடிவில் பெரும்படை வந்து சூழ்ந்தது. தப்ப வழி இல்லை. அப்போது வெய்ன் ஒரு தகவல் அனுப்பினான். மேட்டின் மேல் நிற்கும் தண்ணீர்க் கோபுரம் எங்கள் கையில் இருக்கிறது; சரணடையாவிட்டால் திறந்துவிடுவோம்; கீழே நிற்கும் அத்தனை பேரும் வெள்ளத்தில் போவீர்கள் என்று.

பெரும்படை ஆயுதத்தைக் கீழே போட்டது. பம்ப் தெரு ஜெயித்தது!

ஜெயித்தவனுக்கு வந்த மமதை

வேறு ஒருவராக இருந்தால் கதையை இங்கே முடித்துச் 'சுபம்' போட்டிருப்பார். செஸ்டர்டன் முடிக்கவில்லை.

20 ஆண்டுகள் ஓடுகின்றன. ஜெயித்த நாட்டிங் ஹில் இப்போது லண்டனுக்கே சட்டாம்பிள்ளை. பக்கத்துப் பேட்டைகளை அதட்டுகிறது. அன்றைக்குத் தன் தெருவைத் தொடாதே என்று சண்டை போட்ட பேட்டை, இன்றைக்கு அடுத்தவன் தெருவில் மூக்கை நுழைக்கிறது. மற்றப் பேட்டைகள் சும்மா இருக்குமா? தன் மண்ணுக்காக உயிரைக் கொடுப்பது எப்படி என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நாட்டிங் ஹில்தானே? எல்லாரும் சேர்ந்து திருப்பி அடிக்கிறார்கள்.

வெய்னுக்குத் தன் பேட்டையின் அட்டகாசம் பிடிக்கவில்லை. இருந்தாலும் கைவிட மனம் இல்லை. கடைசிப் போரில் மடிகிறான். சிரித்தே பொழுதைக் கழித்த ராஜா ஆபரோனும் நாட்டிங் ஹில் பக்கம் நின்று போரிடுகிறார்.

போர்க்களம் அடங்கிய பிறகு இருட்டில் இரண்டு குரல்கள் பேசுகின்றன. ஒன்று ராஜாவின் குரல். மற்றது வெய்னின் குரல். இதெல்லாம் நான் விளையாட்டாகச் செய்தது என்று ராஜா உண்மையைச் சொல்லிவிடுகிறார். வெய்ன் கோபப்படவில்லை. எதையும் கேலி செய்கிறவன் ஒருவன். எதையும் கேலியாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவன் ஒருவன். இரண்டு பேரும் ஒரே மூளையின் இரண்டு பாதிகள். சாதாரண மனிதனிடம் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும். பிரிந்து போனதுதான் வினை. இப்படிப் பேசி முடித்து, இருவரும் சேர்ந்து நடந்துபோகிறார்கள். கதை முடிகிறது.

கையில் இருந்தது 10 ஷில்லிங்

இந்த நாவல் பிறந்த கதையே ஒரு தனிக்கதை.

செஸ்டர்டனுக்கு அப்போது கல்யாணம் ஆகிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கையில் காசு இல்லை. பையில் இருந்தது 10 ஷில்லிங். வீட்டில் மனைவி கவலையோடு இருக்க, இவர் பத்திரிகை ஆபீசுகள் நிறைந்த ஃபிளீட் தெருவுக்குப் போனார். முகச்சவரம் செய்துகொண்டார். பேர்பெற்ற ஓட்டல் ஒன்றில் ஏறி, பிடித்த பதார்த்தங்களை எல்லாம் வரவழைத்து, ஒயினோடு ஒரு பிடி பிடித்தார். அத்தோடு 10 ஷில்லிங்கும் காலி!

வயிறு நிறைந்த தெம்போடு பதிப்பாளரிடம் போனார். நாவலின் கதையைச் சொன்னார். எழுத ஆரம்பிக்க 20 பவுன் வேண்டும் என்றார். திங்கட்கிழமை அனுப்புகிறோம் என்றார்கள். புத்தகம் வேண்டுமானால் பணம் இன்றைக்கே வேண்டும் என்று அடித்துச் சொன்னார். பணம் வந்தது. இந்தச் சம்பவத்தைப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கதையில் வரும் தண்ணீர்க் கோபுரமும் கற்பனை அல்ல. செஸ்டர்டன் 1874-ம் ஆண்டு பிறந்தது அந்தப் பக்கத்தில் உள்ள காம்ப்டன் ஹில்லில். அங்கே தண்ணீர் கம்பெனியின் உயர்ந்த கோபுரம் ஒன்று இருந்தது. ஒரு நாள் அந்த வட்டாரத்தில் நடந்துபோகும்போது, ஒரு சிறிய கடை வரிசையைப் பார்த்தார். எதிரி வந்தால் இந்தக் கடைகளை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தார். கோபுரமும் கண்ணில் பட்டது. அங்கே உதித்ததுதான் நாவல்.

அந்த நேரத்து அரசியலும் அவர் மனதில் இருந்தது. 1899 முதல் 1902 வரை தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தது. பெரிய பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ஒரு பக்கம். சிறிய போயர் குடியரசுகள் மறுபக்கம். இங்கிலாந்தே கொண்டாடிய அந்த யுத்தத்தைச் செஸ்டர்டன் எதிர்த்தார். நாவலின் ஆரம்பத்திலும், நாட்டைப் பறிகொடுத்த நிகராகுவா நாட்டு ஜனாதிபதி ஒருவர் லண்டன் தெருவில் வருகிறார். கடுகு விளம்பரத் தாளில் மஞ்சள் துண்டைக் கிழித்து நெஞ்சில் குத்திக்கொள்கிறார். தன் நாட்டுக் கொடிக்குச் சிவப்பும் வேண்டும் என்று, கத்தியால் தன் கையையே கீறி, ரத்தத்தில் துணியை நனைத்துக்கொள்கிறார். சிரிப்பு நாவலில் சிரிக்காத மனிதர் அவர்.

நம் காந்திஜிக்கும் செஸ்டர்டனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1909-ம் ஆண்டு இந்தியத் தேசிய இயக்கத்தைப் பற்றிச் செஸ்டர்டன் ஒரு லண்டன் பத்திரிகையில் எழுதினார். சுதந்திரம் கேட்கிற இந்தியர்கள் இந்திய முறையைக் கேட்காமல் இங்கிலீஷ் முறையையே கேட்கிறார்களே என்பது அவர் வாதம். அப்போது லண்டனில் இருந்த காந்திஜி அதைப் படித்து வியந்து, தம் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை வாசகர்களுக்கும் எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு கப்பலில் திரும்பும்போதுதான் 'இந்து சுயராஜ்யம்' எழுதினார்.

நிஜத்தில் வந்த ரோடு

கதையில் ரோடு வரவில்லை. நிஜத்தில் வந்தது!

'வெஸ்ட்வே' என்ற இரண்டரை மைல் நீள மேம்பால ரோடு. நாட்டிங் ஹில்லுக்கு வடக்கே, வடக்கு கென்சிங்டன் வழியாகத் தெருக்களை அறுத்துக்கொண்டு போனது. எத்தனையோ குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. காலி செய்யாமல் மிஞ்சியவர்களின் படுக்கையறைச் சன்னலை ஒட்டினாற்போல் கார்களும் லாரிகளும் பறந்தன.

1970-ம் ஆண்டு ஜூலை 28-ந்தேதி ரோடு திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் மைக்கேல் ஹெசல்டைன். அங்கே குடியிருந்தவர்கள், இந்த நரகத்திலிருந்து எங்களுக்கு வேறு வீடு கொடுங்கள் என்று பேனர் கட்டினார்கள். கூச்சல் எழுப்பினார்கள். ரோடு நிற்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம். நாவலில் தெருவைக் காப்பாற்றியதே, காம்ப்டன் ஹில் கோபுரம், அது இடிக்கப்பட்டதும் அதே 1970-ம் ஆண்டில்தான்!

ஆனாலும் அந்தக் கூச்சல் வீண் போகவில்லை. லண்டனைச் சுற்றி இதுபோல இன்னும் பல ரோடுகள் போடத் திட்டம் இருந்தது. மக்கள் எதிர்ப்பு வலுத்தது. 1973-ம் ஆண்டு அந்தப் பெரிய திட்டம் கைவிடப்பட்டது. வெஸ்ட்வே அடியில் கிடந்த நிலத்தை வட்டார மக்களின் உபயோகத்துக்கு விட ஒரு அறக்கட்டளையும் ஏற்பட்டது.

லண்டனுக்குள் தனி நாடு!

அடுத்த கூத்து 1977-ம் ஆண்டில் நடந்தது. இடம், வெஸ்ட்வே ரோட்டின் அருகில் உள்ள ஃப்ரெஸ்டன் ரோடு. இதுவும் நாட்டிங் ஹில் வட்டாரத்தைச் சேர்ந்ததே.

அங்கே இடிக்கக் காத்திருந்த பழைய வீடுகளில் சுமார் 120 பேர் குடியேறியிருந்தார்கள். கலைஞர்கள், வேலை இல்லாதவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள். அந்த இடத்தில் தொழிற்பேட்டை வரப்போகிறது, காலி செய்யுங்கள் என்றது லண்டன் பெருநகர கவுன்சில்.

அவர்கள் கல் எறியவில்லை. கத்தி எடுக்கவில்லை. கூட்டம் போட்டார்கள். ஓட்டு எடுத்தார்கள். 1977 அக்டோபர் 31-ந்தேதி, பிரிட்டனிலிருந்து பிரிந்துவிட்டோம், இது 'ஃப்ரெஸ்டோனியா' என்ற சுதந்திரக் குடியரசு என்று அறிவித்துவிட்டார்கள்! ஐ.நா. சபைக்கு மனு போனது. எங்களை வெளியேற்ற வந்தால் அமைதிப்படை அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள்.

தபால்தலை அச்சடித்தார்கள். பார்க்க வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். மந்திரி சபை அமைத்தார்கள். கல்வி மந்திரிக்கு வயது இரண்டு! வெளிநாட்டு மந்திரி, நடிகர் டேவிட் ராப்பபோர்ட். பிரிட்டனுக்கான தூதர், கவிஞர் ஹீத்கோட் வில்லியம்ஸ்.

எல்லாவற்றையும் மிஞ்சிய யோசனை ஒன்று. குடியரசில் உள்ள எல்லாரும் தங்கள் பெயரோடு 'பிராம்லி' என்ற ஒரே குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏன்? ஒரே குடும்பம் என்றால், வெளியேற்றினாலும் ஒரே இடத்தில்தானே வீடு தர வேண்டும்!

செய்தி உலகம் எல்லாம் பரவியது. அப்போது எதிர்க்கட்சியில் நிதித்துறையைக் கவனித்துவந்த சர் ஜெஃப்ரி ஹவ், பின்னாளில் பிரிட்டிஷ் நிதி மந்திரியானவர், ஃப்ரெஸ்டோனியாவுக்குக் கடிதம் எழுதினார். சிறு வயதில் 'நாட்டிங் ஹில் நெப்போலியன்' படித்து மகிழ்ந்தவன் நான், உங்கள் கோரிக்கை என் மனதைத் தொடாமல் இருக்குமா என்பது அதன் கருத்து.

73 ஆண்டுகளுக்கு முந்திய நாவல், நிஜமான தெருச் சண்டையில் சாட்சிக்கு வந்து நின்றது!

கவுன்சில் இறங்கி வந்தது. பேச்சுவார்த்தை நடந்தது. குடியிருந்தவர்கள் 'பிராம்லிஸ்' என்ற பெயரில் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஒரு வீட்டுவசதி அறக்கட்டளையின் உதவியோடு, 1980-களில் அதே இடத்தில் புது வீடுகள் எழும்பின. கொடியும் மந்திரி சபையும் போய்விட்டன. வீடு கிடைத்தது.

ஆபரோனின் தமாஷும் வெய்னின் பிடிவாதமும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ரெஸ்டோனியா ஓர் உதாரணம். வெறும் தமாஷாக இருந்தால் போலீஸ் வந்து துரத்தியிருக்கும். வெறும் பிடிவாதமாக இருந்தால் மண்டை உடைந்திருக்கும்.

பட்டியல் முறை பலித்தது

பட்டியலில் பெயர் எடுத்து ஆட்சி நடத்துவது என்பதைச் செஸ்டர்டன் கேலியாகத்தான் எழுதினார். ஆனால் அதன் ஒரு பகுதி இன்று கேலி அல்ல.

அயர்லாந்து நாட்டில் 2016-ம் ஆண்டு 'குடிமக்கள் சபை' ஒன்று கூட்டினார்கள். தலைவராக ஒரு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி. அவரோடு, ஜூரி மாதிரி பொறுக்கி எடுத்த சாதாரண ஜனங்கள் 99 பேர். கருக்கலைப்புச் சட்டத்தை என்ன செய்வது என்பது கேள்வி. அரசியல்வாதிகள் தொடவே பயந்த விஷயம். இவர்கள் வார இறுதிகளில் கூடினார்கள். டாக்டர்களை, வக்கீல்களை, இரண்டு தரப்பையும் கேட்டார்கள். தடையை மாற்ற வேண்டும் என்று சிபாரிசு செய்தார்கள். 2018 மே 25-ந்தேதி நாடு முழுவதும் ஓட்டெடுப்பு நடந்தது. 66.4 சதவீதம் பேர் மாற்றத்துக்கு ஆதரவு!

பிரான்சிலும் 2019-ம் ஆண்டு 150 பேரை இப்படியே பொறுக்கி எடுத்து, பருவநிலை மாற்றம் பற்றி யோசனை கேட்டார்கள். அவர்கள் சொன்னவற்றில் பலவற்றை அரசாங்கம் நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்ற மனக்குறை அங்கே உண்டு.

இரண்டுக்கும் நாவலுக்கும் ஒரு வித்தியாசம். நாவலில், யார் வந்தால் என்ன என்ற அலட்சியத்தில் பட்டியலைப் புரட்டினார்கள். அயர்லாந்தில், எவன் வந்தாலும் பொறுப்போடு யோசிப்பான் என்ற நம்பிக்கையில் பொறுக்கி எடுத்தார்கள். முறை ஒன்றுதான். மனம் வேறு.

சிரிக்க முடியாத ஓர் இரவு

ஃப்ரெஸ்டன் ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் 24 மாடிக் கட்டிடம் ஒன்று. கிரென்ஃபெல் டவர். சாதாரண ஜனங்கள் குடியிருந்த கட்டிடம். அங்கே தீ பாதுகாப்பு சரியில்லை என்று குடியிருந்தவர்கள் பல முறை எழுதினார்கள். பெரிய விபத்து நடந்தால்தான் எங்கள் பேச்சு காதில் விழும் போலிருக்கிறது என்றுகூட 2016 நவம்பரில் எழுதினார்கள். நிர்வாகத்தில் இருந்தவர்கள் அவர்களைத் தொல்லை கொடுக்கும் ஆசாமிகளாகவே பார்த்தார்கள்.

2017 ஜூன் 14-ந்தேதி அதிகாலை, ஒரு வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ, கட்டிடத்தின் மேல் புதிதாகப் பொருத்திய தகடுகளில் பற்றி, கிடுகிடுவென்று உச்சி வரை ஏறியது. 72 பேர் மாண்டார்கள். இதில் ஒரு சாவுகூடத் தவிர்க்க முடியாதது அல்ல என்று 2024 செப்டம்பரில் விசாரணைத் தலைவர் சொன்னார்.

அந்த ஜனங்கள் கொடி கேட்கவில்லை. மதில் கேட்கவில்லை. தனி ராஜ்யம் கேட்கவில்லை. இந்தக் கட்டிடத்தில் இருப்பவர்கள் நாங்கள், நாங்கள் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள் என்றார்கள். ஆடம் வெய்ன் பம்ப் தெருவுக்காகக் கேட்டதும் அதுதான்.

நாவலில் ராஜா ஆபரோன் கோமாளி. ஆனாலும் தெருக்காரன் ஒருவன் வந்து நின்றபோது, சிரிப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். பட்டியலில் பெயர் வந்து பதவிக்கு வந்தவனிடம் இருந்த அந்தக் குணம், பதவிக்கு வருகிற எல்லாரிடமும் இருந்துவிடுவதில்லை.